இதெல்லாம் நடக்கிற காரியமா? படம் பார்க்கும் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வாசகசாலையில் மாதம் ஒரு படம் போடுகிறோம். ஒரு மாதம் தமிழ் என்றால் அடுத்த மாதம் மலையாளம். எப்போதாவது தெலுங்கோ ஈரானியப் படமோ. படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசுவோம். நடிப்பு, ஒளிப்பதிவு என்று எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்: "இதெல்லாம் நடக்கிற காரியமா?" ஒவ்வொரு முறையும் தொண்டை வறளப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. எழுதுபவன் ஃபிலிம் காலத்தில் டாக்கீஸ் ஆபரேட்டராக இருந்தவன்; பேராசிரியன் அல்லன். பதில்களில் சொந்த விருப்பு வெறுப்பு கலந்துதான் இருக்கும்.

சின்ன வயதில் படத்துக்குள் அப்படியே போய்விடுவேன். இப்போது முடியவில்லை. வயதானதுதான் காரணமா?

வயதோடு சேர்ந்து வந்தவைதான் காரணம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பறக்கும் கம்பளமும் வங்கிக் கடனும் ஒரே அளவு புதிர். நாற்பது வயதுக்காரருக்குக் கடன் பத்திரத்தில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டால் எந்த வரிசையில் நிற்க வேண்டும், காவல் நிலையத்தில் முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அனுபவம். படம் இவற்றில் ஒன்றைத் தொடும்போதெல்லாம் அந்த அனுபவம் குறுக்கே வந்து நிற்கிறது.

ஆனால் விவரம் தெரிந்தால் ஒன்றிப்போக முடியாது என்று பலர் முடிவு கட்டுகிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபிலிம் ஓடிய காலத்தில் திரையில் நடந்தது என்ன என்று பாருங்கள். விநாடிக்கு 24 நிலைப்படங்கள். ஒவ்வொன்றும் படம் காட்டும் கருவிக்குள் வந்து நின்று, இரண்டு தடவை வெளிச்சம் பட்டு, நகரும். நகரும் நேரத்தில் ஷட்டர் மறைத்துவிடும். ஆக, திரை ஏறத்தாழப் பாதி நேரம் இருட்டாகவே கிடந்தது. மூன்று மணி நேரப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் அதில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். 2000 அடி ரீல் ஒன்று 22 நிமிடம் ஓடும். அது முடியப்போகும்போது படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றும். அதைக் கண்டதும் அடுத்த கருவியின் மோட்டாரைப் போட வேண்டும். சில விநாடி கழித்து இரண்டாவது புள்ளி. அப்போது மாற்றிவிட வேண்டும். கதாநாயகி சாகக் கிடக்கும்போது ஆபரேட்டரின் கண் மூலையில் இருக்கும். அப்படி மூலையைப் பார்த்துக்கொண்டே, ஆபரேட்டர் அறையின் சதுரத் துளைக்கு அருகில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆபரேட்டர்கள் உண்டு. வித்தை முழுவதும் அவர்கள் கையில்தான் இருந்தது. அதனால் எதுவும் கெட்டுவிடவில்லை.

பெரியவர்களுக்கு இல்லாமல் போனது முழுக் கவனம் என்பது என் எண்ணம். உடம்பு நாற்காலியில் இருக்கிறது, மனம் நாளைய தவணையில் இருக்கிறது. பாதி மனத்தோடு பார்த்தால் எந்தக் கதையும் ஓட்டை உடைசலாகத்தான் தெரியும்.

அவநம்பிக்கையைத் தள்ளிவைப்பது என்று யார் முதலில் சொன்னது?

ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜ், 1817-இல். அமானுஷ்யமான பாத்திரங்களைக் கவிதையில் கொண்டுவந்தால் வாசகர் சற்று நேரம் அவநம்பிக்கையைத் தாமாகவே விலக்கிவைப்பார் என்றும், அதுவே கவிதை மீது வைக்கும் விசுவாசம் என்றும் எழுதினார். பிறகு 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கின் இதை மறுத்தார். நல்ல கதைக்குள் நுழைந்தவர் எதையும் தள்ளிவைப்பதில்லை, அந்த உலகத்தின் சட்டப்படி அங்கே நடப்பதை நம்புகிறார். தள்ளிவைக்க வேண்டியிருந்தால் கதை ஏற்கெனவே தோற்றுவிட்டது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். பல்லைக் கடித்துக்கொண்டு நம்ப முயலும் பார்வையாளரை நான் கண்டதில்லை. படம் பிடித்துக்கொள்கிறது, அல்லது விட்டுவிடுகிறது.

நம்மிடமும் இதற்கு முன்னோடிகள் உண்டு. தொல்காப்பியம் அகத்திணையைப் பேசும்போது நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைச் சொல்லி, இரண்டும் சேர்ந்ததே பாட்டுக்கு உரிய நெறி என்கிறது. நாடக வழக்கு என்பது சுவையானவை எல்லாம் ஓரிடத்தில் வந்து கூடியதாகத் தொகுத்துச் சொல்வது என்று உரையாசிரியர் இளம்பூரணர் விளக்குகிறார். பிரிந்த அண்ணன் தம்பி, கொலைகாரன், பெற்ற தாய் எல்லோரும் கடைசி ரீலில் ஒரே கிடங்கில் வந்து நிற்பதற்கு இதைவிடப் பழைய அனுமதிச் சீட்டு கிடைக்காது.

ஒரே அடியில் பத்துப் பேர் பறப்பது எனக்கு உறுத்துவதில்லை. நாயகன் மதியம் பொள்ளாச்சியில் பஸ் ஏறி இருட்டுவதற்குள் சென்னையில் இறங்கினால் எரிச்சல் வருகிறது. இது என்ன நியாயம்?

நியாயமான எரிச்சல்தான். பத்துப் பேர் பறப்பதைப் படம் உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. முதல் காட்சியிலேயே செருப்பைக் காட்டி, முதுகைக் காட்டி, காற்றைக் கிளப்பி, மெதுவாகத் திரும்ப வைத்து, "இவன் அடித்தால் பறப்பார்கள்" என்று அறிவித்தது. நீங்கள் இருந்து பார்த்தீர்கள், அதாவது சம்மதித்தீர்கள். பஸ் விஷயத்தில் அப்படி எந்தப் பேச்சும் நடக்கவில்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் தூரத்தை இயக்குநர் கவனிக்கவில்லை, அல்லது நீங்கள் கவனிக்க மாட்டீர்கள் என்று நினைத்தார். முன்னது மிகை. பின்னது அசட்டை. மிகையை மன்னிக்கிறோம், அசட்டையை மன்னிப்பதில்லை. நடக்கக்கூடியதாக இருந்தும் நம்பவைக்காததைவிட, நடக்க முடியாததாக இருந்தும் நம்பவைப்பதே மேல் என்று அரிஸ்டாட்டில் நாடகக்காரர்களுக்குச் சொன்னதும் இதுதான்.

குண்டு பட்டவன் பின்னால் தூக்கி எறியப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு கிராம் குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வந்து எழுபது கிலோ ஆளுக்குள் தங்கினால், அவர் பின்னே நகரும் வேகம் விநாடிக்கு நான்கு சென்டிமீட்டர். மேசை மேல் எறும்பு ஊர்வதைப் போன்ற வேகம், அவ்வளவுதான். இதைப் பள்ளிக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். தெரிந்த பிறகும் அந்தக் காட்சி எனக்கு உறுத்தியதில்லை, ஏனென்றால் துப்பாக்கிச் சண்டைக்கு அது ஒரு நடனமுறை ஆகிவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பொள்ளாச்சியும் ஆழியாறும் கொல்லங்கோடும் எத்தனையோ படங்களில் வேறு ஊராக நடித்துவிட்டன. கதை தஞ்சாவூரில் நடக்கும். வயலுக்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை சுவராக நிற்கும். மழைக்காலத்தில் எடுத்திருந்தால் மலையிலிருந்து அருவி விழுவதும் தெரியும். சென்னைக்காரருக்கு அது அழகான பச்சை. எங்களுக்கு அது இன்னார் வயல், அந்தத் திருப்பத்துக்கு அப்புறம் அரிசி ஆலை. சோகப் பாட்டின் நடுவில் "அது நம்ம களம்" என்று ஒருவர் சொன்னால் அரங்கம் முழுவதும் நாயகியை விட்டுவிட்டுக் களத்தைத் தேடும்.

தொழில் தெரிந்தவர்களின் பாடு இன்னும் மோசம். எங்கள் கூட்டத்துக்கு வரும் செவிலியர் ஒருவர், இதயத் துடிப்புக் கோடு நேராகிவிட்ட பிறகு மின் அதிர்ச்சி கொடுத்து உயிர்ப்பிக்கும் காட்சி வந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார். நேர்கோட்டுக்கு அந்தக் கருவி பயன்படாது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் அது. அதே செவிலியர் பேய்ப் படத்தில் துளி சந்தேகம் இல்லாமல் பயந்து நடுங்குகிறார். பேய்க்கு அவர் ஊசி போட்டதில்லை.

தமிழ்ப் படத்தில் கண்டுகொள்ளாமல் விடுவதை மலையாளப் படத்தில் பார்த்தால் ஏன் கோபம் வருகிறது?

எல்லையில் பிறந்தவர்கள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

கேரளத்தில் தமிழ்ப் படம் டப்பிங் இல்லாமல் அப்படியே ஓடும். அதனால் எங்கள் பக்கத்தில் பகல் காட்சிக்கு ஒரு மொழி, மாலைக் காட்சிக்கு இன்னொரு மொழி என்று வளர்ந்தோம். எந்தப் படத்துக்கு எந்த மனத்தோடு போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. டிக்கெட் வாங்கும்போதே மனம் மாறிக்கொண்டது. தமிழ் நட்சத்திரப் படம் என்றால் அறிமுகக் காட்சிக்குத் தயாராக இருப்போம். மலையாளப் படத்தில் ஒருவர் முற்றத்தில் நின்று பல் துலக்குவார், உள்ளேயிருந்து யாரோ கூப்பிடுவார், தேநீர் ஆறும். "இங்கே எல்லாம் வீட்டில் நடப்பதைப்போல நடக்கும்" என்று அந்தப் படம் வாக்குக் கொடுக்கிறது. பிறகு இரண்டாம் பாதியில் நாயகன் நான்கு பேரை ஒற்றைக் கையால் சாய்த்தால் கொடுத்த வாக்கை மீறியதாகத் தோன்றுகிறது. அதே அடியைத் தமிழ் நாயகன் அடித்திருந்தால் நான்கு பேர் போதவில்லை என்றிருப்போம். (மலையாளத்திலும் பறக்கும் நாயகர்கள் உண்டு, தமிழிலும் பல் துலக்கும் படங்கள் உண்டு. நான் சொல்வது பொதுவாக மனத்தில் பதிந்திருக்கும் எதிர்பார்ப்பை.)

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அபிநவகுப்தர், ரசத்தை, அதாவது கலையைச் சுவைக்கும் அனுபவத்தை, கெடுக்கும் தடைகள் ஏழு என்று கணக்கிட்டார். முதல் தடை, இது நடக்கக்கூடியதே அல்ல என்று பார்ப்பவர் மனம் ஒதுங்கிவிடுவது. அதற்கு அவரே வழியும் சொல்கிறார்: சாதாரண மனிதரால் ஆகாத செயலைக் காட்ட வேண்டுமானால் இராமனைப் போன்ற புகழ்பெற்ற பாத்திரத்தைக் கொண்டு காட்டு, நெடுங்காலப் புகழால் ஏற்கெனவே ஊறிப்போன நம்பிக்கை அங்கே கைகொடுக்கும். நட்சத்திர நடிகர் என்ற ஏற்பாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிடவில்லை. புதுமுகம் கடலைத் தாண்டினால் சிரிப்போம்.

ஆனால் இரண்டு மொழிப் படங்களிலும் எங்களைக் கட்டாயம் வெளியே தள்ளும் இடம் ஒன்று உண்டு. தமிழ்ப் படத்தில் வரும் மலையாளி, மலையாளப் படத்தில் வரும் தமிழர். முன்னவர் தேநீர்க் கடை வைத்திருப்பார், வாக்கியத்துக்கு ஒரு "எந்தா" போடுவார், எந்த மாவட்டத்திலும் எந்த வீட்டிலும் பேசாத ஒரு மலையாளம் பேசுவார். பின்னவர் ஒன்று அடியாள், இல்லையென்றால் நெற்றி நிறைய விபூதியோடு எல்லோரையும் "அய்யா" என்று கும்பிடும் அப்பாவி. மதுரையிலோ கோட்டயத்திலோ பார்ப்பவர்களுக்கு இது ஒரு நொடிச் சிரிப்பு. இங்கே காலையில் வேலந்தாவளத்தில் காய்கறி எடுத்து, மதியம் பாலக்காட்டு அலுவலகத்தில் மனு கொடுத்து, இரண்டு மொழியிலும் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு வராது. பறக்கும் காரைவிட அந்தப் பொய்யான "எந்தா" நம்ப முடியாதது. சக மனிதரைக் கவனிக்காமல் எழுதிவிட்டார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது. பிறகு படம் என்ன சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

டப்பிங் படத்தில் உதடு ஒன்று சொல்ல, குரல் வேறு சொல்கிறது. எப்படிப் பார்ப்பது?

பாதி வேலையை உங்கள் மூளை ஏற்கெனவே செய்துவிடுகிறது. திரையில் பேசுபவரின் குரல் அவர் வாயிலிருந்து வரவில்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து, திரையில் உள்ள நுண்துளைகள் வழியாக வருகிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் பெட்டியின் அடியிலிருந்து வரும். ஆனாலும் வாய் அசையும் இடத்தில்தான் கேட்பதாகத் தோன்றும். பொம்மையைப் பேசவைப்பவர்கள் பிழைப்பது இதனால்தான். உதட்டின் அசைவு காதில் விழும் ஒலியையே மாற்றிவிடும் என்பதை மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-இல் காட்டினார்கள்: "ப" என்ற ஒலியைப் போட்டு, "க" சொல்லும் வாயைக் காட்டினால் பலருக்கு "த" போன்ற ஒன்று கேட்கிறது. டப்பிங் எழுதுபவர்கள் உதடு ஒட்டும் எழுத்து வரும் இடத்தில் ஒட்டும் எழுத்தையே தேடித் திண்டாடுவதற்குக் காரணம் புரிகிறதா?

நேரடித் தமிழ்ப் படங்களிலும் பெரும்பாலும் குரல் பின்னால் பதிவு செய்யப்பட்டதுதான். கதாநாயகிக்கு வேறொருவர் குரல் கொடுப்பதும் சகஜம். ஆகவே உறுத்துவது டப்பிங் என்பதைவிட, மோசமான டப்பிங் என்பதே சரி. பாலக்காட்டுக் கிராமத்துப் பாட்டி சென்னைத் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் மொழியில் பேசினால் எழுந்து போகத்தான் தோன்றும்.

குரல் விஷயத்தில் தமிழ் ரசிகர்கள் எவ்வளவு தாராளமானவர்கள் என்பதற்கு ஒரு சான்று. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் பாய்ந்த குண்டு அவர் குரலை நிரந்தரமாக மாற்றிவிட்டது. பிறகு வந்த படங்களிலும் அவரே பேசினார். வாள் சுழற்றும் வீரனுக்கு அந்தக் குரல் பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குரலின் பின்னால் இருந்த கதையையும் சேர்த்தே கேட்டார்கள். அவர் தாயாரின் ஊரான வடவன்னூர் எங்களுக்குப் பக்கம்தான். இந்தப் பேச்சு எடுத்தால் இன்றும் இங்கே காட்சி நேரம் தாண்டிவிடும்.

பாட்டு வந்ததும் சுவிட்சர்லாந்துக்குப் போகிறார்களே?

போகட்டும். அது கதைக்குள் நடப்பதில்லை என்பது திரையில் இருப்பவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கதகளியில் இருவர் பிடிக்கும் திரைச்சீலையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

என் அம்மா சீரியல் வில்லியை வாய்விட்டுத் திட்டுகிறார். நிஜம் என்று நினைக்கிறாரோ என்று கவலையாக இருக்கிறது.

அம்மாவிடம் அந்த நடிகையின் சொந்த ஊர், போன சீரியலில் அவர் செய்த பாத்திரம், யாருக்குப் பதிலாக இதில் வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். உங்களைவிட விவரமாகச் சொல்வார். தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் வரும் ஆட்களோடு பேசிப் பழகிவிட்டார். திட்டுவது அந்த விளையாட்டில் அவர் எடுத்துக்கொண்ட பங்கு. அது மூழ்கிப்போவதற்கு எதிரானது என்றுகூடச் சொல்லலாம். மூழ்கியவர் வாய் பேசாது.

"பாமரர் நிஜம் என்று நம்பிவிடுவார்கள்" என்ற கதை சினிமா பிறந்த அன்றே பிறந்தது. லூமியர் சகோதரர்கள் 1896-இல் பாரிஸில் ரயில் வரும் படத்தைக் காட்டியபோது மக்கள் அலறி ஓடினார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். அக்காலச் செய்திகளில் அதற்குச் சான்று இல்லை என்று வரலாற்றாளர்கள் தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில், ஓசையில்லாமல் வந்த ரயில் அது. எப்போதும் இன்னொருவர்தான் ஏமாந்திருப்பார், கவனித்தீர்களா? பாரிஸ்காரர், கிராமத்தார், இப்போது உங்கள் அம்மா.

நம்பியாரைப் பாருங்கள். திரையில் அவர் செய்யாத அக்கிரமம் இல்லை. சபரிமலைக்கு ஆண்டுதோறும் பெருங்கூட்டத்தை அழைத்துச் சென்ற குருசாமியும் அவரே. அதே மக்கள் சனிக்கிழமை அரங்கில் அவரைச் சபித்துவிட்டுக் கார்த்திகையில் அவர் காலில் விழுந்து மாலை போட்டுக்கொண்டார்கள். எந்தக் குழப்பமும் இல்லை.

பொய் என்று தெரிந்தும் அழுகை எங்கிருந்து வருகிறது?

தத்துவக்காரர்கள் அரை நூற்றாண்டாக இதில் மல்லுக்கட்டுகிறார்கள். இல்லாத ஒருவருக்காக அழுவது தர்க்கத்துக்குப் பொருந்தாது என்று காலின் ராட்ஃபோர்டு 1975-இல் எழுதி வம்பைத் தொடங்கிவைத்தார். கெண்டல் வால்டன் என்பவர், நாம் ஒரு பாவனை விளையாட்டுக்குள் இருக்கிறோம், அந்தப் பயமும் துக்கமும் விளையாட்டுக்குள் உண்மை என்றார். எனக்கு இந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை. அரங்கில் அழுபவர் திரையில் இருப்பவருக்காக மட்டும் அழுவதில்லை என்பது டிக்கெட் கிழித்தவருக்கும் தெரியும்.

முடிவு தெரிந்த படத்தை மறுபடி பார்க்கும்போதும் ஏன் பதறுகிறது?

பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் மாவட்டங்களில் பகவதி கோயில்களுக்கு எதிரே கூத்துமாடம் என்ற நீண்ட மேடை இருக்கும். அதில் தோல்பாவைக்கூத்து நடக்கும். வெள்ளைத் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள், தோலில் வெட்டிய பாவைகள், இரவு முழுவதும் இராம கதை. பாடுவது கம்பன் பாட்டு. மலையாள நாட்டின் நடுவில், புலவர் என்று பட்டம் பெற்ற கலைஞர்கள் தமிழ்ச் செய்யுளைச் சொல்லி விளக்குகிறார்கள். சில கோயில்களில் ஏழு இரவு, சிலவற்றில் இருபத்தொன்று, அதற்கு மேலும் உண்டு. தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் இராவண வதத்தைப் பார்க்கத் தவறிய பத்ரகாளிக்காக நடத்துவது என்பது ஐதிகம். நள்ளிரவு தாண்டினால் எதிரே மனிதர் யாரும் இல்லாமல் போவதும் உண்டு. கூத்து நிற்காது.

இராவணன் சாவான் என்பது அங்கே யாருக்குத் தெரியாது? ஆனாலும் இந்திரசித்து அம்பு விடும்போது புலவரின் குரல் உயர்கிறது. என்ன நடக்கும் என்பதைவிட எப்படி நடக்கிறது என்பதில் மனம் இருக்கும்போது முன்பே தெரிந்திருப்பது தடையாவதில்லை. நல்ல படத்தை மறுபடி பார்ப்பவர் அந்த இரவுக் கூத்தின் பார்வையாளர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுச் சித்தூரில் கும்ப மாதம் கொங்கன் படை என்ற திருவிழா நடக்கிறது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசன் பகவதியின் அருளால் தோற்றதை ஊரே கூடி நடித்துக் காட்டும். பார்க்க வருபவர்களில் கொங்குத் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். தோற்பது நம் பக்கத்துப் படை. பொரி, கடலை வாங்கித் தின்றுகொண்டே, பகவதி ஜெயிக்க வேண்டும் என்று நிற்போம். எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் கதைதான் தீர்மானிக்கிறது. ரேஷன் அட்டை தீர்மானிப்பதில்லை.

புகை பிடிக்கும் காட்சியில் எச்சரிக்கை, மாடு வந்தால் மூலையில் சி.ஜி.ஐ. என்ற எழுத்து. இவை படத்தைக் கெடுக்கவில்லையா?

முதல் சில நாள் கெடுத்தன. 2012 அக்டோபர் 2 முதல் புகையிலைக் காட்சிகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். 2023-இல் ஓடிடி தளங்களுக்கும் வந்தது. விலங்குகள் நடித்தால் விலங்கு நல வாரியத்தின் சான்று தேவைப்படுவதால், கணினியில் உருவாக்கிய விலங்கு என்று திரையிலேயே எழுதிவிடுகிறார்கள். கண் பழகிவிட்டது, இப்போது பலர் அந்த எழுத்தைப் பார்ப்பதே இல்லை. எச்சரிக்கை வைத்தவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல.

வீட்டில் பார்த்தால் ஒன்ற முடியவில்லை.

விளக்கை அணையுங்கள், கைபேசியை வேறு அறையில் வையுங்கள், முதல் இருபது நிமிடத்துக்கு எழுந்திருக்காதீர்கள். படம் தன் விதிகளைச் சொல்லிக்கொடுப்பது அந்த இருபது நிமிடத்தில்தான். அதைத் தவறவிட்டுவிட்டுப் பிற்பாடு நம்ப முடியவில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை. இருபது நிமிடம் உட்கார்ந்தும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக அணைத்துவிடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து "இது எப்படி முடியும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் மச்சானை என்ன செய்வது?

முறுக்குத் தட்டை அவரிடம் கொடுங்கள். இடைவேளையில் பேச விடுங்கள். சில சமயம் அவர் சொல்வது படத்தைவிட நன்றாக இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். அவர் எந்த இடத்தில் கேட்கத் தொடங்குகிறார்? படம் தொய்யும் இடத்தில்தான். பிடித்து வைத்திருக்கும் படத்தில் அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

இப்படி எல்லாவற்றையும் நம்பிப் பழகினால் ஆபத்தில்லையா?

இருக்கிறது, ஆனால் பெரிய பொய்களில் இல்லை. மனிதன் பறக்க மாட்டான் என்பது படம் முடிந்ததும் நினைவுக்கு வந்துவிடும். ஓரத்தில் வந்துபோகும் சின்னத் தகவல்கள்தான் உள்ளே தங்கிவிடும். கதையில் ஆழ்ந்தவர்கள் அதிலுள்ள பிசகுகளைக் குறைவாகவே கவனிக்கிறார்கள், கதையின் பக்கம் சாய்ந்த கருத்தோடு வெளியே வருகிறார்கள் என்று மெலனி கிரீன், திமொத்தி பிராக் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

மயக்க மருந்து நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் ஆள் சாய்வதில்லை. குளோரோஃபார்மை நிமிடக்கணக்கில் சுவாசித்தாக வேண்டும். அழைப்பு வந்த இடத்தைக் கண்டுபிடிக்க எதிராளியைப் பேச்சில் இழுத்தடிக்கத் தேவையில்லை. கைபேசி எந்தக் கோபுரத்தோடு இணைந்திருக்கிறது என்ற பதிவு நிறுவனத்திடம் உடனே இருக்கும். இவை தெரியாததால் நமக்கு நட்டமில்லை.

பாம்புக்கடி அப்படி அல்ல. கடித்த இடத்தைக் கத்தியால் கீறி, வாய் வைத்து உறிஞ்சித் துப்பி, மேலே துணியால் இறுக்கிக் கட்டும் காட்சியை இரண்டு மொழியிலும் காதல் காட்சியாகவே எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். மூன்றுமே தவறு. உறிஞ்சினால் விஷம் வராது, கீறினால் ரத்தப்போக்கும் கிருமித் தொற்றும், இறுக்கிக் கட்டினால் கை காலையே இழக்க நேரலாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், அவரை நடக்கவோ ஓடவோ விடாமல், மோதிரம் காப்பு இருந்தால் கழற்றிவிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. இரவில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவர்கள் நிறைந்த ஊர் இது. அதனால் அப்படிக் காட்சி வரும் படத்தைப் போட்டால், முடிந்ததும் இந்தச் செய்தியை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுத்தான் விளக்கைப் போடுவோம். ரசனைக்கு இடைஞ்சல் என்று சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

வரலாம். மூன்று நான்கு வயதிலேயே பாவனை எது, நிஜம் எது என்று அவர்களுக்குத் தெரியும்; மண் சோற்றைப் பரிமாறும் பிள்ளை அதை விழுங்குவதில்லை. ஆனால் தெரிந்தாலும் பயம் பயம்தான், அதுவும் இருட்டில், பெரிய ஒலியோடு. 2024 முதல் தணிக்கைச் சான்றில் யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று வயது பிரித்துக் கொடுக்கிறார்கள். பெற்றோர் பார்த்து முடிவு செய்வதற்கான குறிப்பு அது. எந்த மாதம் எந்தச் சான்று என்பதை வாசல் பலகையில் எழுதிவைப்போம். பிள்ளை பயந்தால் நடுவில் எழுந்து போக வசதியாகக் கதவோரம் உட்காருங்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துங்கள்.